மழலைக்குப் பொருள் கேட்பதா?

கி.பி. 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டமொன்றில் அத்திமரத்தடியில் வீழ்ந்து அழுதுகொண்டிருந்த அகுஸ்தினாரின் செவியில், அண்டை வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் குரல் விழுந்தது. பாடியது சிறுவனா சிறுமியா என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்து வாசிக்கும்படி ஏவும் சொற்களை அக்குரல் திரும்பத் திரும்ப இசைத்தது. அதைக் கேட்டு அவர் புனித பவுலின் திருமுகத்தைத் திறந்ததையும், மனம் மாறியதையும் நாம் அனைவரும் அறிவோம். ஆனால் 'அறிக்கைகள்' என்ற தம் நூலின் எட்டாம் பகுதியில் இந்நிகழ்ச்சியை எழுதுகையில் அவர் குறிப்பிடும் சிறு செய்தி ஒன்றை நம் மறையுரைகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. நூலைத் திறப்பதற்கு முன் அவர் ஒரு கணம் நின்றார். பிள்ளைகள் எந்த விளையாட்டிலாவது இப்படிப் பாடுவதுண்டா என்று தம் நினைவைத் துழாவினார். அப்படி எதையும் கேட்ட நினைவில்லை என்ற முடிவுக்கு வந்த பிறகே, அது இறைவனின் கட்டளை என்று கொண்டார்.

திருச்சபையின் பேராசான் ஒருவர், தம் வாழ்வின் மிகப் பெரிய கணத்தில், குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டுகளை நினைவுகூர முயன்றார் என்பது சிந்திக்கத்தக்கது. அவருக்கு அப்படி ஒரு பாட்டு நினைவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'இது வெறும் விளையாட்டு' என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாரா? விளையாட்டுப் பாட்டு என்றால் அதில் இறைவனின் குரல் இருக்க முடியாது என்ற எண்ணம் அவருடைய தயக்கத்தில் மறைந்து நிற்கிறது. அந்த எண்ணம் இன்றும் நம்மிடையே உண்டு. நம் இளமைக்காலத் தெருவிலும் களத்துமேட்டிலும் ஒலித்த பாட்டுகளை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

தகடூர் தந்த அளவுகோல்

இவ்வினாவுக்கு விடை தேட நாம் மிலானுக்குப் போக வேண்டியதில்லை. இன்று தருமபுரி என வழங்கும் நம் தகடூரிலேயே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய விடை ஒன்று இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியை நோக்கி ஔவையார் பாடிய புறநானூற்றின் 92ஆம் பாட்டு, மழலையைப் பற்றியது. குழந்தையின் மழலை யாழிசைக்குப் பொருந்துவதன்று, காலத்தோடு இயைவதன்று, அதன் பொருளும் விளங்குவதில்லை. எனினும் அது பெற்றவர் நெஞ்சில் அருளைச் சுரக்கச் செய்கிறது. என் சொற்களும் அத்தகையனவே, அவற்றுக்கும் நீ அருளினாய் என்று புலவர் தம் பாட்டையே மழலையின் வரிசையில் வைக்கிறார்.

இதில் ஒரு திறனாய்வுக் கொள்கை அடங்கியிருப்பதை நாம் காண வேண்டும். இசை, காலம், பொருள் என்ற மூன்று அளவுகோல்களையும் ஔவையார் அறிவார். மூன்றிலும் மழலை தேறாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அதன் பின்னரே நான்காவதாக ஒன்றைச் சொல்கிறார். மழலையின் மதிப்பு, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே அது உண்டாக்கும் உறவில் இருக்கிறது. பொருளற்றது என்பதால் அது பயனற்றதாகிவிடுவதில்லை. கிறித்தவ இறையியல் அருள் என்று சொல்வதும் ஏறத்தாழ இதுவே; தகுதிக்கு அளக்கும் கூலியாக அல்லாமல், தகுதியை எண்ணாது சுரப்பதாகவே அதை நாம் கற்றிருக்கிறோம்.

பாவாணரின் நூல்

விளையாட்டுப் பாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் மறக்கக் கூடாத நூல் ஞா. தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்'. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அப்பெருமகனார், 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில், 1954இல் இந்நூல் வெளிவந்தது. அந்நாளில் தருமபுரி தனி மாவட்டமன்று. 1965 அக்டோபர் 2ஆம் நாள் பிரிக்கப்படும் வரை நம் ஊர்கள் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆகவே இந்நூலை நம் அண்டை வீட்டில் எழுதப்பட்ட நூல் என்றே கொள்ளலாம்.

நூலின் ஒழுங்கு வியப்புக்குரியது. ஒவ்வோர் ஆட்டுக்கும் பெயர், ஆடுவோர் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடும் முறை, தோற்றம், பயன் என்று வகுத்துக்கொண்டு எழுதுகிறார். ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்றும், பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்றும் பிரித்து வைக்கிறார். கோலியும் கிளித்தட்டும் தட்டாங்கல்லும் பாண்டியும் இலக்கண நூலின் நூற்பாக்களைப் போல அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பெரும் புலவர் ஒருவர் சிறுவர் ஆட்டத்தைத் தாழ்வாக எண்ணாமல் இவ்வளவு கருத்துடன் நோக்கினார் என்பதே பாராட்டுக்குரியது. அவர் எழுதாதிருந்தால் பல ஆட்டுகளின் பெயரும் நமக்கு எட்டியிராது.

எனினும் அந்நூலைப் பற்றி நமக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. முதலாவது, 'பயன்' என்னும் தலைப்பைப் பற்றியது. ஓர் ஆட்டால் கண் கூர்மையாகிறது, கை பழகுகிறது, எண்ணறிவு வளர்கிறது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் குழந்தை அதற்காக ஆடவில்லை. பயனை நோக்காத செயலே விளையாட்டு. 1918இல் ரொமானோ குவார்தினி எழுதிய 'திருவழிபாட்டின் ஆன்மா' என்ற நூலில் ஓர் அதிகாரம் முழுவதும் இதையே பேசுகிறது. திருவழிபாட்டுக்கு உலகியல் பயன் இல்லை. ஆனால் நிறைந்த பொருள் உண்டு. இதில் அது குழந்தையின் ஆட்டத்தை ஒத்தது என்பது அவர் கருத்து. பயனைக் கொண்டு ஆட்டத்தை அளப்பவர், அதே கோலால் ஒருநாள் செபத்தையும் அளக்கத் தொடங்கிவிடலாம்.

இரண்டாவது ஐயம் மொழியைப் பற்றியது. தனித்தமிழ்ப் பற்றாளரான பாவாணர் ஆட்டுகளின் பெயருக்கும் சொல்லுக்கும் தமிழ்வேர் காண விழைந்தது இயல்பே. ஆனால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் எங்கள் மாவட்டத்தின் தெருக்களில் பிள்ளைகளின் பாட்டு எந்த எல்லையையும் மதித்ததில்லை. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியும் பேசிய பிள்ளைகள், ஆட்டத்தில் மூன்றையும் கலந்தே எண்ணினர். மராத்தியச் சிறுவர் கிட்டிப்புள் ஆடும்போது எண்ணும் சொற்கள் தெலுங்கு, கன்னட எண்ணுப்பெயர்களின் திரிபு என்று அறிஞர் காட்டுகின்றனர். அச்சொற்களைச் சொல்லும் மராத்தியப் பிள்ளைக்கு அவற்றின் பொருள் தெரியாது. பொருள் தெரியாத சொல்லே எல்லை கடந்து நெடுந்தொலைவு பயணம் செய்திருக்கிறது. வேரைத் தேடுவோர், அச்சொல் வந்த வழியையும் நோக்க வேண்டும்.

யாரைக் கேட்டார்கள்?

தமிழ் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோருக்கு நம் நன்றி என்றும் உரியது. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1943இல் மு. அருணாசலம் 'காற்றிலே மிதந்த கவிதை'யைத் தந்தார். பெர்சி மாக்குவீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 'மலையருவி' வந்தது. 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. இவை அனைத்திலும் தாலாட்டும் ஒப்பாரியும் காதலும் தொழிலுமாகப் பெரியவர்களின் பாட்டுகளே பெரும்பகுதியாக நிற்கின்றன. பிள்ளைகள் தமக்குள் பாடிக்கொண்டவை ஓரமாக ஒதுங்கியிருக்கின்றன.

இதற்குக் காரணம் எளிது. தொகுப்பாளர் பெரியவர்களைக் கேட்டனர். பெரியவர்கள் தங்கள் பாட்டைச் சொன்னார்கள். விளையாட்டுப் பாட்டோ பெரியவரிடமிருந்து பிள்ளைக்கு வருவதன்று. பத்து வயதுப் பெண் எட்டு வயதுப் பெண்ணுக்குக் கற்றுத் தருவாள். இரண்டாண்டுகளில் அவளே ஆசிரியையாகிவிடுவாள். இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற இணையர் பள்ளிப் பிள்ளைகளையே நேரில் கேட்டு இந்த உண்மையை நிறுவினர். 1959இல் வந்த அவர்களுடைய நூலும், பாடி ஆடும் ஆட்டங்களைப் பற்றி 1985இல் வந்த நூலும் பிள்ளைகளைத் தம் மரபின் உடைமையாளர்களாக நடத்துகின்றன. நம் நாட்டில் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எழுதிய நல்ல பாட்டுகள் நிறைய உண்டு. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் நம் பள்ளி நாள்களை இனிமையாக்கியவர்கள். ஆனால் குழந்தைக்காக எழுதிய பாட்டு வேறு. குழந்தையே வைத்திருக்கும் பாட்டு வேறு. முன்னதைக் குழந்தை ஒப்பிக்கும். பின்னதை அது ஆளும்.

அச்சுக்கு மற்றுமொரு குறை உண்டு. சொற்களைக் காக்கும் அச்சு, மெட்டைக் காப்பதில்லை. கைதட்டு விழும் இடம், மூச்சு வாங்கும் இடம், கடைசிச் சொல்லில் குரல் மேலேறும் இடம் ஆகியவை ஏட்டில் இல்லை. ஆகவே ஏட்டில் படிப்பவருக்கு அப்பாட்டு உளறலாகத் தோன்றுகிறது. உளறலென்று தோன்றியதால் பொருள் தேடுகிறார். பொருள் கிடைக்காதபோது கைவிடுகிறார்.

மூன்று ஆட்டங்கள்

ஆட்டங்கள் சிலவற்றை அருகில் சென்று பார்ப்போம். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தருமபுரி வட்டாரத்துக் கேழ்வரகுக் களங்களில் வளர்ந்தவர்களுக்கு இவை புதியன அல்ல.

முதலாவது, பூப்பறிக்கும் ஆட்டம். பெண்பிள்ளைகள் இரண்டு வரிசையாகக் கைகோத்து எதிரெதிரே நிற்பர். ஒரு வரிசை பாடியபடி முன்வந்து பின்வாங்கும். பூப்பறிக்க வருவதாக அது சொல்ல, எந்த மாதம், எந்தப் பூ, யாரை அனுப்புவது என்று மறு வரிசை வினவும். இறுதியில் ஒருத்தியின் பெயர் சொல்லப்படும். கோட்டுக்கு இருபுறமும் நின்று இழுப்பர். தோற்றவள் மறு வரிசையைச் சேர்வாள். இப்பாட்டின் அழகு அதன் பொறுமையில் இருக்கிறது. வினாவும் விடையும் ஒரே நீளம். ஒரு வரிசை பாடி முடிக்காமல் மறு வரிசை தொடங்க முடியாது. பிறர் பேசி முடிக்கும் வரை காத்திருத்தல் என்ற ஒழுக்கத்தை எந்த அறிவுரையுமின்றி இது பழக்கிவிடுகிறது.

ஆனால் இதன் முடிவைக் கவனிக்க வேண்டும். பெண்ணொருத்தி தன் வரிசையை விட்டுப் பெயர்கிறாள். அவள் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. பேச்சு இரண்டு வரிசைகளுக்கு இடையில்தான். மணப்பேச்சின் வடிவம் இது என்பது வெளிப்படை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க இன்றும் அரசும் தொண்டு அமைப்புகளும் போராட வேண்டியிருக்கும் ஒரு மாவட்டத்தில், பிரிவையும் பெயர்வையும் சிறுமியர் சிரித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தனர். ஆட்டத்தில் இழுபட்டவள் அடுத்த சுற்றில் மீண்டும் தன் வரிசைக்கு வர வாய்ப்பிருந்தது. வாழ்க்கையில் அந்த அடுத்த சுற்று பலருக்கு இல்லை.

இரண்டாவது, குடம் எண்ணும் ஆட்டம். இருவர் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர் வரிசையாக அதனுள் நுழைந்து செல்வர். ஊற்றும் குடமும் மலரும் பூவும் ஒன்றொன்றாகக் கூடிக்கொண்டே போகும். எண்ணிக்கை முடிந்ததும் வளைவு இறங்கி ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு குடத்துக்கும் ஒவ்வொரு பூ என்ற இந்தக் கணக்கு, மழை பொய்க்கும் நம் மாவட்டத்தில் எத்தகைய கனவு என்பதை எண்ணிப் பாருங்கள். இங்குத் தண்ணீர் அரிது; கிடைத்த நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு மிகுதி. பாடிய பிள்ளைகளில் பலருக்குப் பற்கள் பழுப்பேறியிருந்தன. ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு எலும்பும் வளைந்திருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகள் கெட்ட நீரைக் குடித்துக்கொண்டே, ஊற்றிய நீரெல்லாம் பூவாகும் என்று பாடின. இப்பாட்டில் பொருளில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

மூன்றாவது, கிச்சுக்கிச்சுத் தம்பலம். மண்ணை நீளக் கரையாகக் குவித்து, அதனுள் சிறு குச்சியை மறைப்பதும், மறு பிள்ளை இரு கைகளையும் சேர்த்து அது இருக்கும் இடத்தைப் பொத்துவதுமாகிய ஆட்டம் இது. தோற்ற பிள்ளையின் கையில் அந்த மண்ணையும் குச்சியையும் கொடுத்து, கண்ணைப் பொத்திச் சுற்றி அழைத்துச் சென்று, எங்கோ ஓரிடத்தில் கொட்டச் செய்து, மீண்டும் அழைத்து வந்து, இப்போது அந்த இடத்தைக் கண்டுபிடி என்பார்கள். வென்றவரே வழிகாட்டி. கண் பொத்தப்பட்டவர் தோழியின் கையை நம்பித்தான் நடக்க வேண்டும். எதிராளியை நம்பாமல் இந்த ஆட்டத்தை ஆடி முடிக்க இயலாது.

நினைவு மறைப்பவை

இவ்வாறு எழுதும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இளமைப் பாட்டை நினைப்பவர் எவரும் எளிதில் உருகிவிடுவர். 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக ஆடினோம்' என்று சொல்லிவிடுவர். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஊரின் களத்தில் ஆடிய வட்டத்தில் சேரிப் பிள்ளைகளுக்கு இடமிருந்ததா? பல ஊர்களில் இல்லை. நிலவு இருபுறமும் காய்ந்தது. பாட்டும் இருபுறமும் ஒன்றே. கைகள் மட்டும் கோக்கப்படவில்லை. கிறித்தவ ஊர்களும் இதற்கு விலக்கு என்று நாம் பெருமை கொள்ள இயலாது. ஒரே பீடத்தை வணங்கியவர்களின் பிள்ளைகள் வெவ்வேறு தெருவில் ஒரே பாட்டைத் தனித்தனியே பாடினார்கள். பாட்டு தெருவைத் தாண்டியது என்றால், வேலிக்கு அப்பால் நின்று யாரோ ஒரு பிள்ளை அதைக் கேட்டுக் கற்றிருக்கிறது என்று பொருள். அப்பிள்ளையின் நினைவில் இப்பாட்டு நம் நினைவில் இருப்பதுபோல் இனிக்குமா?

மற்றொன்றும் உண்டு. வட்டமாக நின்று கும்மி கொட்டிய பெண்பிள்ளைகளின் நடுவே, பிறந்தும் ஆட வராமற்போன பெண்பிள்ளைகள் பலர். பெண்சிசுக் கொலைக்குப் பெயர்பெற்ற மாவட்டங்களுள் நம்முடையதும் ஒன்றாயிருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண்பிள்ளைகள் ஆயிரவருக்குப் பெண்பிள்ளைகள் தொள்ளாயிரவர்கூட இல்லை. 2011இல் அது தொள்ளாயிரத்தைத் தாண்டியது சிறு ஆறுதல். தாலாட்டுகள் பெரும்பாலும் ஆண்மகனை வாழ்த்தியே வளர்ந்தன. பெண்குழந்தைக்கும் தாலாட்டு வேண்டும் என்று பாவேந்தர் பாரதிதாசன் தனியே ஒன்று எழுத வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், பெண்பிள்ளைகள் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட பாட்டும் ஆட்டமும் வேறு முகம் காட்டுகின்றன. தாலாட்டில் தமக்குக் கிடைக்காத இடத்தை அவர்கள் தெருவில், நிலவொளியில், தம் குரலாலேயே எடுத்துக்கொண்டார்கள். நினைவின் இனிமை இந்த உண்மையை மூடிவிடுமானால், அந்த இனிமை நமக்கு வேண்டா.

திருச்சபையும் தெருப்பாட்டும்

ஆண்டவர் இயேசு பிள்ளைகளின் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கியவர். மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்திலும் லூக்காவின் 7ஆம் அதிகாரத்திலும், சந்தைவெளியில் அமர்ந்து ஒருவரையொருவர் குறைகூறும் சிறுவரை அவர் உவமையாக்குகிறார். ஒரு சாரார் குழலூதித் திருமண ஆட்டத்துக்கு அழைத்தனர், மற்றவர் ஆடவில்லை. சாவு வீட்டு ஆட்டத்துக்கு அழைத்துப் புலம்பினர். அதற்கும் அவர்கள் இணங்கவில்லை. நோன்பிருந்த யோவானையும் விருந்துண்ட மானிட மகனையும் ஒருங்கே புறக்கணித்த தலைமுறையை இவ்வாறு கண்டித்தார். எந்த ஆட்டத்திலும் சேராமல் ஓரமாக முகம் சுளித்து நிற்பதையே அவர் குற்றமென்றார். நாசரேத்துத் தெருவில் அவரும் இத்தகைய ஆட்டங்களுக்கு இடையில் வளர்ந்தவர் என்பதை எண்ண நமக்குத் தடையில்லை.

இறைவாக்கினர் செக்கரியா, மீட்படைந்த எருசலேமின் அடையாளமாகக் காட்டுவது கோட்டையையோ கருவூலத்தையோ மட்டுமன்று. எட்டாம் அதிகாரத்தில், கோலூன்றிய முதியோர் தெருவில் அமர்ந்திருக்க, சிறுவரும் சிறுமியரும் அங்கே நிறைந்து விளையாடுவதைக் காண்கிறார். சிறுமியரையும் அவர் மறவாமல் சொல்கிறார் என்பதை நம் மாவட்டம் இருமுறை வாசிக்க வேண்டும். நீதிமொழிகளின் எட்டாம் அதிகாரத்தில் ஞானமே இறைவன் திருமுன் விளையாடி மகிழ்கிறது. புனித தாமஸ் அக்குவினார் விளையாட்டை நற்பண்பின் எல்லைக்குள் வைத்து ஆராய்ந்து, மகிழ்ச்சிக்கு இடமே தராத கடுகடுப்பும் ஒரு குறை என்கிறார்.

தமிழ் இலக்கியமும் இவ்வழியில் நமக்கு முன்னே நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானையும் பந்தாட்டமும் ஊசலும் பாட்டாயின. மாணிக்கவாசகர் பெண்களின் அம்மானையையும் சாழலையும் பூவல்லியையும் பொன்னூசலையும் எடுத்துத் திருவாசகத்தில் இறைவனைப் பாடினார். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தவில்லை. ஆட்டத்துக்கு உள்ளேயே நின்று பாடினார். நம் வீரமாமுனிவரும் திருக்காவலூர் அன்னைக்குக் கலம்பகம் பாடியவர். அம்மானையும் ஊசலும் கலம்பகத்தின் உறுப்புகளே. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் அளிக்கப்பட வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 119ஆம் எண்ணில் கேட்டுக்கொண்டது.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் விடுமுறை விவிலிய முகாம்களிலும் காணும் ஒரு போக்கு நமக்கு உவப்பாக இல்லை. தெருப்பாட்டின் மெட்டை எடுத்து, அதன் சொற்களை நீக்கி, அங்கே கட்டளைகளையோ அருளடையாளங்களின் பட்டியலையோ இட்டு, முன்னே நிற்பவர் காட்டும் சைகையைப் பிள்ளைகள் வரிசையாக நின்று செய்கிறார்கள். அதில் பாட்டு இருக்கிறது, ஆட்டம் இல்லை. வரிசை மாறுவதில்லை, எவரும் பிடிபடுவதில்லை, எவரும் எவரையும் கண் பொத்தி அழைத்துச் செல்வதில்லை. மாணிக்கவாசகர் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான். அவர் ஆட்டத்தின் உயிரைக் காத்தார். நாம் அதன் தோலை உரித்துப் பாடத்துக்குப் போர்த்துகிறோம். பொருள் நிறைந்திருக்க வேண்டும் என்ற ஆவலில், ஔவையார் கண்ட அந்த நான்காவது ஒன்றை நழுவவிடுகிறோம்.

இனிச் செய்யக் கூடியது

காலம் மாறிவிட்டது. களங்கள் வீட்டு மனைகளாயின. பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் பாட்டி வீட்டில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கின்றனர். பாட்டிக்குப் பாட்டு நினைவிருக்கிறது. ஆனால் ஆடுவதற்கு எட்டுப் பிள்ளைகள் வேண்டும், அவர்கள் தெருவில் இல்லை. தொடக்கப் பள்ளிகளில் பாடலையும் ஆடலையும் மீண்டும் கற்பித்தலில் சேர்க்கும் முயற்சி நடைபெறுவது நன்றே. ஆயினும் அது ஆசிரியர் நடத்தும் ஆட்டம், பிள்ளைகள் நடத்துவதன்று.

இங்குத்தான் பங்குக் கோயிலின் முற்றம் பயன்படக்கூடும். 1997இல் நம் மறைமாவட்டம் உருவானது முதல் அன்பியங்கள் வழியே பெரியவர்களை ஒன்றுசேர்க்க எவ்வளவோ உழைத்திருக்கிறோம். பிள்ளைகளை ஒன்றுசேர்க்க அவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. ஞாயிறு மறைக்கல்வி முடிந்த பின் அரைமணி நேரம் முற்றத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் போதும். பாட்டிமாரை அழைத்து ஓரமாக அமரச் செய்யலாம். பாட்டு மறந்த இடத்தில் அவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். அவர்கள் பாடும்போது மெட்டையும் சேர்த்துப் பதிவு செய்ய இன்று ஒரு கைப்பேசியே போதும். தொகுப்பாளர் கேட்காமல் விட்ட பிள்ளைகளையும் கேட்டு, அவர்கள் புதிதாகச் சேர்த்த சொற்களைத் திருத்தாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் பெரியவர்களாகிய நாம் கண்காணிக்க வேண்டும். வட்டம் அமையும்போது எந்தத் தெருப் பிள்ளை எவருடைய கையைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோக்காத கை இருந்தால், அது ஏன் கோக்கப்படவில்லை என்று அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேச வேண்டும். கோத்த பின் ஒதுங்கிவிட வேண்டும். என்ன பாடுவது, எத்தனை குடம் ஊற்றுவது, யாரைப் பிடிப்பது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.